இரண்டு நாளைக்குக் கடைக்காரர் இல்லை

லகாட் போய்ச் சேர்வதற்கு முன்பே மழை எங்களைப் பிடித்துக்கொண்டது. வருஷக் கடைசியில் பேராக்கில் சைக்கிளில் ஊர்சுற்றக் கிளம்பும் குடும்பத்தை மழை பிடிக்காமல் போலீஸா பிடிக்கும்? ஈப்போவில் கிளம்பும்போதே வானம் கருத்திருந்தது. நான் சொன்னேன். யாரும் கேட்கவில்லை. இந்த வீட்டில் நான் சொல்லி யாரும் கேட்காத விஷயங்களை ஏற்ற ஒரு லோரி பத்தாது.

முன்னால் போனவள் மூத்தவள் ஃபர்சானா. பதினாறு வயது. பள்ளிக்கூட சைக்கிள் மன்றத்தில் சேர்ந்த நாளிலிருந்து அவள் தரையில் நடந்து நான் பார்க்கவில்லை. வழி, கூடாரம், எங்கே தங்குவது எல்லாம் அவள் ஏற்பாடு. அவளுக்குப் பின்னால் சின்னவள் ஷஹீதா, மூச்சுக்கு முந்நூறு தடவை "இன்னும் எவ்ளோ தூரம்?" என்று கேட்டுக்கொண்டு. அடுத்து நான், பக்கத்து வீட்டு ஷாமினியிடம் இரவல் வாங்கிய சைக்கிளில். அதன் சீட்டு அம்மிக்கல்லுக்குத் தங்கச்சி. கடைசியில், மோட்டார் ஓட்டுகிறவர்கள் போடும் மழைக்கோட்டில், கடைக்குச் சாமான் ஏற்றும் பழைய சைக்கிளைக் கிறீச் கிறீச்சென்று மிதித்துக்கொண்டு, என் வீட்டுக்காரர் ஜஹாங்கீர்.

சைக்கிளில் கட்டுவதற்கென்றே பைகள் விற்கிறார்கள். ஃபர்சானா கடையைக்கூடக் காட்டினாள். இவர் பஸ்மதி அரிசி வரும் ஜிப் வைத்த பைகளை எடுத்து, ராப்பியா கயிற்றால் இரண்டு பக்கமும் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். உள்ளே என்ன இருக்கிறது என்று கிளம்புமுன் திறந்து பார்த்தேன். முப்பது பேருக்குச் சோறாக்கும் பானை ஒன்று. என் கை நீளத்துக்கு ஓர் அகப்பை.

"நாலு பேருக்கு எதுக்கு மச்சான் இவ்ளோ பெரிய பானை?"

"சின்னது நம்மகிட்ட இல்லையே லா."

அது உண்மைதான். நாலு பேருக்குச் சமைக்க அவருக்குத் தெரியாது. நாற்பது பேர் வந்து நின்றால் கண்ணை மூடிக்கொண்டு சமைப்பார்.

இந்தக் கூத்துக்கெல்லாம் காரணம் செமோர். ஈப்போவில் எங்களுக்கு ஒரு சாப்பாட்டுக் கடை இருக்கிறது. என் அத்தா ஆரம்பித்த கடை. அத்தா காலத்துக்குப் பிறகு அதை இவர்தான் தூக்கி நிறுத்தினார், அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் தூக்கியவர் அதற்குப் பிறகு கீழே வைக்கவே இல்லை. விடியுமுன் போவார், ஊர் அடங்கிய பிறகு வருவார். நோன்புப் பெருநாளன்றுகூடத் தொழுதுவிட்டு நேரே கடைக்குப் போய் அடுப்பைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார். இப்போது செமோரில் இரண்டாவது கடை திறக்க இடம் பார்த்துவிட்டார். கடை அத்தாவுடையது என்பதால் நான் சரி என்று சொல்லாமல் எதுவும் நடக்காது. திங்கட்கிழமை இடத்துக்காரருக்குப் பதில் சொல்ல வேண்டும்.

ஒரு கடை இருக்கும்போதே இந்த மனுஷனைக் கண்ணால் காண முடியவில்லை. இரண்டு கடை வந்தால் போட்டோவைத்தான் மாட்டிவைத்துப் பார்க்க வேண்டும். அந்தக் கோபத்தில் ஒரு நாள் வாய் தவறிச் சொல்லிவிட்டேன்: "எங்களோட ரெண்டு நாள் வாங்க. கடைக்குப் போன் போடக்கூடாது, கடை வேலை பார்க்கக்கூடாது. கடைக்காரரா இல்லாம ரெண்டு நாள் இருந்து காட்டுங்க. காட்டுனா செமோருக்கு நான் சரி."

முடியாது என்பார் என்று நினைத்தேன். "பேச்சு பேச்சா இருக்கணும்" என்று கையை நீட்டினார். ஆழம் தெரியாமல் காலை விட்டது நான்தான். கடையை என் தம்பி அஸ்லானிடம் ஒப்படைத்தார், கைப்பேசியை ஃபர்சானாவிடம் ஒப்படைத்தார். அவள்தான் நடுவர். திரும்ப வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தும் வரை கணக்கு.

ஜெயித்தால் இன்னொரு கடை வந்து மிச்சமிருக்கும் மனுஷனையும் தின்னும். தோற்றால், பெண்டாட்டி பிள்ளைகளோடு இரண்டு நாள்கூட அவரால் இருக்க முடியாது என்பது ஊரறிய நிரூபணமாகும். இரண்டில் எது நடக்க வேண்டும் என்று யாராவது கேட்டிருந்தால் அவர்களையும் சேர்த்துத் திட்டியிருப்பேன்.

லகாட்டில் மழைக்கு ஒதுங்க இடம் தேடினோம். ஊரில் கடைகளுக்கு முன்னால் கூரை போட்ட ஐந்தடிப் பாதைகள் எத்தனையோ இருக்கின்றன. இவர் கால் நேராகப் போய் நின்றது, எங்களைப் போன்ற தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் ஒரு மாமாக் கடையில்.

"வேணும்னேவா வந்தீங்க?"

"மழைம்மா. நான் என்ன செய்ய?"

உட்கார்ந்தோம். மேசையைத் துடைக்கவில்லை. முன்னால் சாப்பிட்டவரின் தட்டும் கிளாஸும் அப்படியே கிடந்தன. அவர் கண் அந்தத் தட்டிலேயே இருந்தது. கை மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தது. தேநீர் வந்தது. ஒரு வாய் குடித்தார், கிளாஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், ஏதோ சொல்ல வாயைத் திறந்தார், என்னைப் பார்த்தார், மூடிக்கொண்டார். நல்ல பிள்ளை என்று நான் நினைத்து முடிக்கவில்லை, பின்மேசையிலிருந்து ஒரு சீனப் பெரியவர் ஐஸ் தேநீர் கேட்டுக் கையைத் தூக்கினார்.

"அண்ணே! தே ஓ அய்ஸ் சாத்து!"

"ஓக்கே, தே ஓ அய்ஸ் சாத்து!" என்று அடுக்களை அதிரக் குரல் கொடுத்தபடி எழுந்துவிட்டார் என் வீட்டுக்காரர்.

கடையே திரும்பிப் பார்த்தது. தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தவன் ஆற்றுவதை நிறுத்திவிட்டான். இவர் பாதி எழுந்த நிலையில் அப்படியே நின்றார், பிறகு சீட்டு சரியில்லாததுபோல நாற்காலியை நகர்த்திப்போட்டு உட்கார்ந்தார். ஷஹீதா சிரித்துச் சிரித்து மைலோவை மூக்கில் ஏற்றிக்கொண்டாள்.

"அத்தா, அவுட் லா!" என்றாள் ஃபர்சானா.

"எப்படி அவுட்டு? நான் வேலை பார்க்கலயே. குரல்தானே கொடுத்தேன்."

"பழக்கம் கொடிது, பாறையிலும் கோழி சீக்கும்" என்றேன் நான். என் அத்தா சொல்லும் பழமொழி. பாறையில் என்ன இருக்கிறது கிளற? ஆனாலும் கோழி விடாது.

நடுவர் எல்லோருடைய வாதத்தையும் கேட்டு, அது எச்சரிக்கை மட்டுமே என்று தீர்ப்புச் சொன்னாள். நான் எதிர்க்கவில்லை. அங்கேயே தோற்றார் என்று சொல்லியிருக்கலாம், செமோர் அந்த மேசையிலேயே முடிந்திருக்கும். சொல்ல மனசு வரவில்லை. மனுஷன் கைகள் இரண்டையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அங்கிருந்து கிளம்பி, நின்று நின்று பெய்த மழையில், பழைய ஈயச் சுரங்கக் குளங்களின் ஓரமாகவே மிதித்தோம். பத்துகாஜா தாண்டி மேட்டில் என் சைக்கிள் செயின் கழன்றது. அதைப் போட்டால் ஷஹீதாவின் பிரேக் பிடிக்கவில்லை. அதைச் சரிசெய்தால் அரிசிப் பை அறுந்து பானை சாலையில் உருண்டு பள்ளத்தில் இறங்கியது. இவர் பானைக்குப் பின்னால் ஓடிய ஓட்டத்தை, எங்கள் நிக்காஹ் ஆன நாளிலிருந்து எனக்குப் பின்னால் ஒரு தடவையாவது ஓடியிருந்தால் நான் ஏன் சைக்கிளில் வரப்போகிறேன்?

தங்குவதற்கு ஃபர்சானா பார்த்துவைத்திருந்த இடம், கோப்பெங்குக்குப் போகும் வழியில் உள்ளே தள்ளியிருந்த ஒரு பழைய ரப்பர் தோட்டம். பெயர்தான் தோட்டம். ரப்பர் மரம் ஒன்றுகூட இல்லை. சுற்றிலும் எண்ணெய் எடுக்கும் செம்பனை. தோட்டம் விற்றுப்போன பிறகு தொழிலாளர் இருந்த லயங்களை இடித்துவிட்டார்கள். ஒரு சின்ன மாரியம்மன் கோயில், அதைப் பார்த்துக்கொண்டு மாடு வளர்க்கும் சன்னாசி அண்ணனின் வீடு, ரப்பர் பாலைக் கொண்டுவந்து எடை போட்ட பழைய பால் ஸ்டோர், இவ்வளவுதான் மிச்சம். ஃபர்சானாவின் மன்றத்துப் பிள்ளைகள் முன்பு இங்கே தங்கியிருக்கிறார்கள். சன்னாசி அண்ணன் மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டு நின்றார்.

"எங்க வேணாலும் போட்டுக்குங்க தம்பி. யாரு கேக்கப் போறா" என்று கையை வீசிக் காட்டிவிட்டு மாட்டை ஓட்டிக்கொண்டு போனார்.

கோயிலுக்குப் பக்கத்தில் மேடாக ஓர் இடம் இருந்தது. புல் தரை. பெரிய மாமரம் ஒன்று. குருடன்கூட அங்கேதான் கூடாரம் போடுவான். நான் சைக்கிளை அங்கே தள்ளிக்கொண்டு போனேன். ஃபர்சானாவும் வந்தாள். திரும்பிப் பார்த்தால் இவரைக் காணோம். பால் ஸ்டோருக்குள் நின்று, காலால் தரையைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"சக்கீனா, இங்க வா. சிமெண்டுத் தரை. மேல கூரை பாதி இருக்கு. பாரு, சாய்வு இருக்கு. சாய்வுக்குக் கீழ லோங்காங் இருக்கு. கழுவி விட்டா தண்ணி நேரா போயிரும்."

லோங்காங் என்றால் இங்கே எல்லோருக்கும் சாக்கடை.

"எதைக் கழுவப் போறீங்க?"

"எதைன்னா? சமைப்போம், சாப்டுவோம், கழுவணும்ல?"

"மச்சான், நாம படுக்க இடம் தேடுறோம்."

"படுக்கவும்தான். சுத்தமா இருக்கணும்ல."

"கூடாரத்துக்கு ஆணி அடிக்கணும் அத்தா. சிமெண்டுல எப்படி அடிக்கிறது?" என்றாள் ஃபர்சானா.

"ஆணி எதுக்கு? நாலு தூணு இருக்கு. ராப்பியா இருக்கு. நான் கட்டுறேன்."

கட்டினார். ஒரு கல்யாண வீட்டுப் பந்தலுக்குப் பத்தும், அத்தனை முடிச்சு. நடுவரிடம் முறையிட்டேன். இடம் பார்ப்பது கடை வேலை ஆகாது என்று சொல்லிவிட்டாள். சட்டம் படிக்கப் போகிற பெண்ணாம், அதற்கு இப்போதே என் வயிற்றெரிச்சலில் பழகிக்கொள்கிறாள்.

பொழுது சாய்ந்த நேரத்தில் மழை வந்தது. அதுவரை வந்ததெல்லாம் தூறல் என்பது அப்போதுதான் தெரிந்தது. கூரையில்லாத பாதி வழியாகத் தண்ணீர் கொட்டியது. "பாரு, பாரு, எப்படி வடியுதுன்னு பாரு" என்று இவர் பெருமையாகச் சாக்கடைப் பக்கம் கையைக் காட்டினார். உண்மைதான், வடிந்தது. கொஞ்ச நேரம் வடிந்தது. பிறகு வடிந்த தண்ணீர் போன வழியாகவே திரும்பி வந்தது. செம்பனை நட்டவர்கள் வெளியே வெட்டியிருந்த கால்வாய் நிரம்பி, மொத்தத் தோட்டத்துத் தண்ணீரும் அந்தச் சாக்கடை வழியாக உள்ளே ஏறியது. சாய்வு நன்றாகத்தான் இருந்தது. தண்ணீர் எங்கள் படுக்கையைத் தேடி அலையாமல் நேராக வந்தது.

முதலில் மிதந்தது பானை. பிறகு ஷஹீதாவின் செருப்பு. பிறகு கூடாரத்துக்குள் நாங்கள் உட்கார்ந்திருந்த மெத்தையே அசைந்தது. "அம்மா, நாம போட்ல இருக்கோம்!" என்று அவள் கைதட்டினாள். பிள்ளைகளைத் தூக்கிவிட்டு, பைகளைத் தூக்கிவிட்டு, நனைந்து கனத்த துணிகளைத் தோளில் போட்டுக்கொண்டு நான் திரும்பினால், என் வீட்டுக்காரர் எங்கிருந்தோ ஒரு பனைமட்டையை எடுத்துவந்து தண்ணீரைச் சாக்கடையை நோக்கித் தள்ளிக்கொண்டிருந்தார். கடை கழுவும் நேரத்தில் தள்ளுவது அதே மாதிரி. முதுகை வளைத்து, மூலையிலிருந்து ஆரம்பித்து, கோடு கோடாக. ஆறே உள்ளே வந்துகொண்டிருக்கிறது, இவர் பெருக்குகிறார்.

எனக்கு வந்ததே ஆத்திரம்!

"நிறுத்துங்க! எல்லாத்தையும் நிறுத்துங்க! நாங்க என்ன கிளாஸா, தட்டா? கழுவ வசதியா இருக்குன்னு கொண்டாந்து வெச்சிருக்கீங்க! பொண்டாட்டி புள்ளைங்க படுக்க இடம் பாருங்கன்னா அடுக்களைக்கு இடம் பார்த்திருக்கீங்க! உங்க கண்ணுக்கு உலகத்துல கடையைத் தவிர வேற ஒன்னும் தெரியாதா?"

அவர் மட்டையைக் கீழே போட்டார். முழங்கால் வரை சேற்றுத் தண்ணீர்.

"தெரியாது" என்றார். "வேற எப்படிப் பார்க்கணும்னு எனக்குத் தெரியல சக்கீனா. எந்த இடத்துக்குப் போனாலும் அடுப்பை எங்க வைக்கலாம்னுதான் முதல்ல கண்ணு போவுது. நான் என்ன செய்ய?"

சண்டை போடுகிறவர் திருப்பிச் சண்டை போட்டால் நமக்கு வசதி. இப்படி ஒப்புக்கொண்டால் மேற்கொண்டு என்ன பேசுவது? எனக்கு இன்னும் கோபம்தான் வந்தது. நல்லவேளையாக அந்த நேரத்தில் குடையும் டார்ச்சுமாக சன்னாசி அண்ணன் வந்தார்.

"என்ன தம்பி இது, தண்ணிக்குள்ள கட்டில் போட்டிருக்கீங்க? வாங்க வாங்க. பாப்பா கூட்டியாரச் சொல்லுச்சு."

பாப்பா என்றது அவர் மனைவியை. அறுபது வயதிருக்கும் அந்தப் பாப்பாவுக்கு. எங்களை வாசலில் நிறுத்தி, ஆளுக்கொரு துண்டு கொடுத்து, பிள்ளைகளுக்குத் தன் சட்டைகளை மாட்டிவிட்டு, நான் நன்றி சொல்லுமுன் அடுப்பைப் பற்றவைத்துவிட்டார்.

"கறி எல்லாம் இல்ல தங்கச்சி. இன்னைக்கு எங்களுக்குச் சைவம். உங்க புள்ளைங்களுக்கு வேணா முட்டை பொரிச்சுத் தரேன். சோறும் பருப்பும் இருக்கு. சாப்டுவீங்கல்ல?"

"தாராளமா சாப்டுவோம்க்கா."

அடுப்புச் சத்தம் கேட்டதும் என் வீட்டுக்காரர் சட்டென்று எழுந்தார். வெங்காயத்தையாவது அரிந்து கொடுக்கிறேன் என்று அடுக்களைப் பக்கம் போனார். நடுவர் நிமிர்ந்து உட்கார்ந்தாள். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டேன். ஆனால் பாப்பா அக்கா அவரை வாசற்படியிலேயே மடக்கிவிட்டார்.

"போய் உக்காருங்க தம்பி. என் அடுப்புல வேற ஆளு கை பட்டா எனக்கு ஆவாது."

வந்து உட்கார்ந்தார். வேறு வழி? பிளாஸ்டிக் பாயில் எங்கள் மூவருக்கும் நடுவில், நனைந்த லுங்கியை இழுத்துவிட்டுக்கொண்டு, இரண்டு கையையும் எங்கே வைப்பது என்று தெரியாமல். தட்டுகள் வந்தன. அவருக்கும் ஒரு தட்டு. எங்கள் கடையில் இவர் சாப்பிட்டதை நான் பார்த்திருக்கிறேன். அண்டாவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, ஒரு கண் வாசலில் வைத்தபடி நாலு வாய். வீட்டில் அதுவும் கிடையாது. அன்றைக்கு அந்த வீட்டில் எங்களோடு பாயில் உட்கார்ந்து சோற்றைப் பிசைந்தார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, மறைப்பானேன்? அந்தச் சந்தோஷத்தோடேயே, மனுஷன் ஜெயித்துக்கொண்டிருக்கிறாரே என்று மனசுக்குள் திட்டியும் கொண்டேன்.

பாப்பா அக்கா முட்டையைக் கொண்டுவந்து ஷஹீதாவுக்கு வைத்தார். ஃபர்சானாவின் தட்டுக்குக் கரண்டியைக் கொண்டுபோனபோது, இவர் சட்டென்று தன் கையைத் தட்டுக்கு மேலே குடையாகப் பிடித்தார்.

"இவளுக்கு வேணாம்க்கா. முட்டை ஒத்துக்காது. உடம்பெல்லாம் தடிச்சிடும்."

ஃபர்சானா அவரைப் பார்த்தாள்.

"அத்தா, அது நான் சின்ன புள்ளையில லா. இப்ப ஒன்னும் செய்யாது. தெனமும் சாப்பிடறேனே."

"எப்பலேருந்து?"

"டார்ஜா தீகாவுலேருந்து."

மூன்றாம் ஆண்டு. அவளுக்கு அப்போது ஒன்பது வயது.

"வீட்டுல அம்மா செஞ்சு தர்றாளா?"

"இல்ல. நம்ம கடையில முட்டை போட்டுத் தர்ற ரொட்டி தெலோர்தான். அஸ்லான் மாமா காலையில கட்டிக் கொடுத்து அனுப்புவாரே. அதைத்தான் ஸ்கூலுக்குக் கொண்டு போறேன்."

இவர் கை அவள் தட்டுக்கு மேலேயே இருந்தது. பாப்பா அக்கா கரண்டியோடு காத்துக்கொண்டிருந்தார்.

"வெங்காயம் இல்லாம, நல்லா முறுகலா, டால் தனியா கட்டி... காலையில முதல்ல போற பொங்கூஸ் பொட்டலம்" என்றார் மெதுவாக. "அது நீயா?"

"ஆமா அத்தா."

"நான்தானே ரொட்டிக் கல்லுக்குக் குரல் கொடுப்பேன். தெனமும் நான்தானே கொடுப்பேன். யாரோ ஆபீஸ்காரங்கன்னு நெனச்சிட்டிருந்தேன்."

ஃபர்சானா குத்திக்காட்டுவதற்காக எதையும் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். "பரவால்ல லா அத்தா, நல்லாத்தான் இருக்கும்" என்று வேறு சொன்னாள். அதுதான் இன்னும் மோசம். எங்கள் கடைக்கு வரும் லாயருக்குத் தேநீரில் எத்தனை கரண்டி சீனி, மீன் கடைக்காரருக்கு எந்தக் குழம்பு, தலைநரைத்த டீச்சருக்கு எந்த மேசை, எல்லாம் இவருக்கு மனப்பாடம். அவர்கள் வாசலில் கால் வைக்குமுன் தட்டு தயாராகும். இத்தனை வருஷமாக நான் கத்தித் தீர்த்த கத்தலெல்லாம் போகாத இடத்துக்கு, ஒரு முட்டை போய்விட்டது. எனக்கு அதிலும் எரிச்சல்தான். என் தொண்டையை நான் சும்மா கிழித்துக்கொண்டிருக்கிறேன்.

அவர் கையை எடுத்தார். பாப்பா அக்கா முட்டையை வைத்தார். ஃபர்சானா சாப்பிட்டு முடிக்கும் வரை இவர் தன் தட்டைத் தொடவில்லை, அவள் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன அத்தா, இப்படிப் பார்க்கறீங்க?" என்று அவளுக்கே கூச்சமாகிவிட்டது.

காலையில் மழை விட்டிருக்கும் என்று யாராவது எதிர்பார்த்தால் அவர்கள் பேராக்கில் இருந்ததில்லை. ஈரத் துணியைப் பிழிந்து, பிழிந்ததையே திரும்பப் போட்டுக்கொண்டு கிளம்பினோம். பானையை பாப்பா அக்காவுக்கே கொடுத்துவிட்டார். கோயில் திருவிழாவுக்கு ஆகும் என்று அவரும் சந்தோஷமாக வாங்கிக்கொண்டார்.

கோப்பெங்கில் பசியாற ஒரு சீன அம்மாவின் கடையில் உட்கார்ந்தோம். அங்கே இவர் உட்கார்ந்த விதத்தைப் பார்த்து நான் பயந்தேபோனேன். நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து, அடுக்களைப் பக்கம் முதுகைக் காட்டி, ஷஹீதாவின் பிரேக் கதையை முழுசாகக் கேட்டார். ஒரு கிளாஸைக்கூட அடுக்கவில்லை. பக்கத்து மேசையில் ஒருவர் "பாஸ்!" என்று கூப்பிட்டபோது தலைகூடத் திரும்பவில்லை.

"அம்மா, அத்தா ஜெயிச்சிடுவாரு போல" என்று ஃபர்சானா என் காதில் சொன்னாள். அவள் குரலிலும் கலக்கம் இருந்தது. தீர்ப்பு சொல்கிறவளுக்கும் வீட்டில் அத்தா வேண்டும்தானே.

கோப்பெங்கை விட்டு ஈப்போ சாலையில் ஏறினோம். நான் வேண்டுமென்றே மெதுவாக மிதித்தேன். செமோர் ஒவ்வொரு மைலுக்கும் என்னை நோக்கி வந்துகொண்டிருந்தது. பேச்சு பேச்சாக இருக்க வேண்டும். நாளைக்குச் சரி என்று என் வாயால் சொல்ல வேண்டும். இரண்டு நாள் எங்களோடு இருந்து பழகிய மனுஷனை, பழகிய கையோடு தூக்கிச் செமோருக்குக் கொடுக்க வேண்டும். யாருக்காவது இப்படி ஒரு பரிசு கிடைத்திருக்கிறதா? மழை முகத்தில் அடித்தது. ஷாமினியின் சைக்கிளை, ஷாமினியை, இந்த யோசனையைச் சொன்ன என் நாக்கை, எல்லாவற்றையும் வரிசையாகத் திட்டிக்கொண்டே மிதித்தேன்.

சாலையோரம் ஒரு பஸ் நிறுத்தத்தில் இவர் சைக்கிளை நிறுத்தினார். நாங்களும் நின்றோம். பெஞ்சில் உட்கார்ந்து, மழைக்கோட்டின் தொப்பியை எடுத்து, முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஃபர்சானா, போனைக் கொடும்மா."

"எதுக்கு? இன்னும் வீடு வரலயே அத்தா."

"தெரியும். கொடு."

அவள் என்னைப் பார்த்தாள். நான் இவரைப் பார்த்தேன். அவள் பிளாஸ்டிக் பையைப் பிரித்துக் கொடுத்தாள். அவர் எல்லோருக்கும் கேட்கும்படி ஒலிபெருக்கியைப் போட்டு, என் தம்பியைக் கூப்பிட்டார்.

"மச்சான்!" என்றான் அஸ்லான் பதறிப்போய். "என்ன ஆச்சு மச்சான்? நீங்க போன் போடக்கூடாதே?"

"ஒன்னும் ஆவல. கடை தொறந்திருக்கா?"

எங்கள் கடை ராப்பகலாகத் திறந்திருக்கும் கடை. கடைசியாகக் கதவை இழுத்துச் சாத்தியது என் அத்தாவை அடக்கம் செய்த ஜனாஸா அன்றைக்கு.

"என்ன மச்சான் கேக்குறீங்க? தொறந்துதான் இருக்கு."

"சரி. வெச்சிடறேன்."

வைத்துவிட்டார். எனக்கு உச்சந்தலை வரை ஏறியது.

"அறிவிருக்கா உங்களுக்கு? நேத்து லகாட்ல பல்லைக் கடிச்சிட்டு உக்காந்தீங்க, தண்ணியில முங்கினீங்க, இவ்ளோ தூரம் வந்துட்டு, இதோ ஈப்போ, இந்தா வீடு, இன்னும் கொஞ்ச நேரம் பொறுக்க முடியாதா? அதுவும் கேக்குறதைப் பாரு, கடை தொறந்திருக்காவாம்! மூடாத கடைக்கு..."

"அத்தா தோத்துட்டாரு!" என்று ஷஹீதா குதித்தாள்.

"ஆமா, தோத்துட்டேன்" என்றார் அவர். கைப்பேசியைப் பையில் போட்டு, வாயை முடிச்சுப் போட்டு, ஃபர்சானாவிடம் நீட்டினார். "செமோர் போச்சு. பேச்சு பேச்சா இருக்கணும். நடுவரே, சரிதானே?"

ஃபர்சானா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பையைக்கூட வாங்கவில்லை. பிறகு, "சரிதான் அத்தா" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது.

எனக்குப் புரிய இன்னும் கொஞ்ச நேரம் ஆனது. திட்டிக்கொண்டிருக்கும்போது எனக்கு எதுவும் சீக்கிரம் புரிவதில்லை. புரிந்தபோது வாய் பாதித் திட்டில் நின்றது. தோற்ற மனுஷன் முகம் அது இல்லை. செமோர் வேண்டாம் என்று நேராகச் சொன்னால் வாய் முத்து உதிர்ந்துவிடுமா? நேராகச் சொல்லத் தெரியாத மனுஷனைக் கட்டிக்கொண்டு நான் பட்ட பாடு இருக்கிறதே.

அந்த நேரத்தில் என்னால் நல்லதாக ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லை. சொன்னால் அழுதுவிடுவேன். அதனால் தொடர்ந்து திட்டினேன். மழைக்கோட்டைத் திட்டினேன், கிறீச்சிடும் சைக்கிளைத் திட்டினேன், சாய்வு பார்த்து இடம் பிடித்ததைத் திட்டினேன், நிக்காஹ் அன்றைக்கு அவர் தாமதமாக வந்ததிலிருந்து ஆரம்பித்துத் திரும்பவும் திட்டினேன். வழக்கமாக நான் இரண்டாவது வாக்கியத்துக்கு வருமுன் "கடையில ஆள் நிக்குது" என்று கிளம்பிவிடுவார். என் திட்டு ஒன்றைக்கூட அவர் முடிவு வரை கேட்டதில்லை. அன்றைக்கு அந்த பஸ் நிறுத்தத்தில், மழை பார்த்துக்கொண்டிருக்க, எழுந்திருக்காமல் உட்கார்ந்து கடைசி வார்த்தை வரை கேட்டார்.